செல்விக்கு வந்த மின்னஞ்சல்

என் தோழி செல்விக்கு வந்த மின்னஞ்சல் ஒன்றை நான் திறந்து படித்தேன். அவளிடம் சொல்லவில்லை. அதனால் அவளுடைய மேற்படிப்பு நின்றுபோயிற்று.

நான் செய்தது இவ்வளவுதான். ஆனால் ஏன் செய்தேன்... அது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை!

மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். வேண்டுமென்றே மறைத்தேன் என்று சொன்னாலும் நம்பிவிடுவீர்கள். எனக்குத்தான் இரண்டில் எதையும் முழுதாக நம்ப முடியவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நடுவில் என்னை நானே காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தால், அதையும் நீங்கள் கவனித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ரெஜினா. மதுரை ஞானஒளிவுபுரத்தில் வீடு. அப்பா மிஷன் பள்ளி ஒன்றில் அலுவலக எழுத்தர். எங்கள் வீட்டில் மின்கட்டண ரசீதுக்கு ஒரு கோப்பு, ரேஷன் அட்டைக்கு ஒரு கோப்பு, என் தடுப்பூசி அட்டைக்குக்கூட ஒரு கோப்பு. ஒரு காகிதத்தைத் தேடி யாரும் அலைந்ததை நான் பார்த்ததில்லை. ஒழுங்கு என்பது எனக்கு இரத்தத்தில் ஊறிய குணம் என்று நினைத்திருந்தேன். அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

செல்வி எழுமலைக்காரி. அவள் அப்பா மல்லிகை போட்டிருந்தார். விடியற்காலையில் பூ எடுத்துவிட்டு, விரலில் காம்பின் பிசுக்கு காயுமுன் உசிலம்பட்டி வந்து, அங்கிருந்து அரப்பாளையத்துக்கு அடுத்த பஸ் பிடித்து, கல்லூரிக்கு வருவாள். இளங்கலை உளவியலில் மூன்று வருடம் என் பக்கத்து இருக்கை. கேள்வித்தாளைத் தொலைப்பாள். பேனாவை மறப்பாள். ஆனால் வகுப்பில் அவள் ஒரு கேள்வி கேட்டால் எங்கள் மேடம் பாடத்தை நிறுத்திவிட்டு யோசிப்பார்.

அவளுக்கு ஓர் அண்ணன், முத்துராசு. பதினெட்டு வயதில் அவனுக்கு மனம் குழம்பிவிட்டது. சுவரோடு பேசுவான். திடீரென்று கொல்லையில் ஒளிந்துகொள்வான். ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவனுக்கு என்னதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ளவே செல்வி உளவியல் படிக்க வந்தாள். நான் ஏன் வந்தேன்? பொறியியலுக்கு மதிப்பெண் போதவில்லை. அவ்வளவுதான்.

இறுதியாண்டில் இருவரும் முதுகலைக்கு விண்ணப்பிக்கத் தொடங்கினோம். ஆறு கல்லூரிகள். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கடைசித் தேதி. ஓரிடத்தில் நுழைவுத்தேர்வு, ஓரிடத்தில் நேர்காணல். ஏன் இந்தப் படிப்பு வேண்டும் என்று ஒரு பக்கக் கட்டுரை எல்லாவற்றுக்கும் வேண்டும். ஆனால் சொல் எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறும். பரிந்துரைக் கடிதம் ஓரிடத்துக்கு இரண்டு, ஓரிடத்துக்கு மூன்று. சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல், கையொப்பப் படம்... எல்லாம் சொன்ன அளவில் இருக்க வேண்டும்.

செல்வி தன் காகிதங்களையெல்லாம் ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்தாள். அதைக் கவிழ்த்தபோது மதிப்பெண் பட்டியலோடு ஒரு கைப்பிடி வாடிய மல்லிகையும் விழுந்தது.

"ஏய் ரெஜி, என்னால ஆகாதுடி இதெல்லாம். நீயே பாத்துக்க. நீ சொல்ற எடத்துல கையெழுத்துப் போடுறேன்" என்றாள்.

நான் பார்த்துக்கொண்டேன்! எவ்வளவு மகிழ்ச்சியோடு! கணினியில் அட்டவணை போட்டேன். கல்லூரி, கடைசித் தேதி, கட்டுரை, பரிந்துரை, சான்றுகள், அனுப்பிய நாள் என்று கட்டம் கட்டமாக. அனுப்பியதற்குப் பச்சை, பாதியில் நிற்பதற்கு மஞ்சள், தொடாததற்குச் சிவப்பு. எனக்கு ஒரு பக்கம், அவளுக்கு ஒரு பக்கம். அவளுக்கென்று புதிதாக மின்னஞ்சல் முகவரி தொடங்கி, அவள் கைப்பேசியிலும் என் மடிக்கணினியிலும் திறந்து வைத்தேன். தினமும் காலையில் ஜெபம் முடிந்ததும் இரண்டு அஞ்சல் பெட்டியையும் பார்ப்பேன். அவளும் அவ்வப்போது பார்ப்பாள். ஆனால் பூந்தோட்டத்தில் சிக்னல் கிடைக்காது. காலை வேளையில் கைப்பேசி வீட்டில்தான் கிடக்கும்.

மூன்றாவது வாரம் அவளுடைய கட்டுரை வந்தது. பிழை திருத்தச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

அவள் அண்ணன் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை அவளிடம் நீட்டி, "நீயே மொதல்ல சாப்பிடு, இதுல ஏதாச்சும் கலந்திருந்தா எனக்குத் தெரியணும்" என்றானாம். அவள் ஒரு வாய் சாப்பிட்டாளாம். அன்றிலிருந்து தினமும் முதல் வாய் அவள்தான். பயம் என்பது பயப்படுகிறவனுக்கு உண்மை, அதை மறுத்துப் பேசினால் அவன் தனியாகிவிடுவான் என்று தட்டின் முன்னால் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்... இப்படி எழுதியிருந்தாள். ஒரு பக்கம்தான். நான்கு எழுத்துப்பிழைகள்.

நான்கையும் திருத்தினேன். பிறகு என்னுடைய கட்டுரையைத் திறந்து படித்தேன். "மனித மனத்தின் மீது எனக்குள்ள தணியாத ஆர்வம்" என்று தொடங்கியிருந்தது. ஒரு பிழை கிடையாது. ஒரு மனிதரும் கிடையாது!

அந்த நேரத்தில் என் உள்ளே ஏதோ சுருங்கியது. பொறாமையா? அப்போது அதற்கு நான் பெயர் வைக்கவில்லை. மனத்தைப் படிக்கப் போகிறவள், தன் மனத்தில் நிகழ்வதற்குப் பெயர் வைக்காமல் விட்டுவிட்டாள்... விந்தைதான், இல்லையா?

அதே வாரம் பரிந்துரைக் கடிதம் வாங்கப் போனபோது மேடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அந்தச் சென்னைக் காலேஜ் செல்விக்குக் கண்டிப்பாக் கெடைக்கும்மா. நீயும் போட்டுப் பாரு."

நீயும்!

அந்தச் சென்னைக் கல்லூரியைத்தான் இருவரும் முதலில் வைத்திருந்தோம். இடங்கள் மிகக் குறைவு. கட்டுரையை வைத்தே பாதிப் பேரைக் கழித்துவிடுவார்கள் என்று கேள்வி. செல்விக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அங்கே பெண்கள் விடுதி வளாகத்துக்குள்ளேயே இருந்தது. அவள் அப்பா அதற்குத்தான் மனமிறங்கி ஒப்புக்கொண்டிருந்தார்.

இருவர் விண்ணப்பங்களையும் ஒரே நாளில் அனுப்பினேன். அட்டவணையில் இரண்டு கட்டமும் பச்சை.

பத்து நாள் கழித்து, கல்லூரி விடுமுறையில், அந்த மின்னஞ்சல் வந்தது. செல்வியின் பெட்டிக்கு. அவளுடைய சாதிச் சான்றின் படம் தெளிவாக இல்லை, மூன்று நாளுக்குள் மறுபடி பதிவேற்ற வேண்டும், இல்லையேல் விண்ணப்பம் பரிசீலிக்கப்படாது.

காலை ஏழரை மணி. அவள் தோட்டத்தில் இருந்திருப்பாள். நான் திறந்தேன். படித்தேன். புரிந்தது. அந்தப் படத்தை எடுத்ததும் நான்தான். அவசரத்தில் ஜன்னலோரம் வைத்து எடுத்தேன், நிழல் விழுந்திருந்தது. நல்ல படம் ஒன்று என்னிடம் இருக்கவில்லை. சான்று அவளிடம் இருந்தது. ஒரு போன் பண்ணினால் போதும்.

அம்மா அடுக்களையிலிருந்து கூப்பிட்டாள். மடிக்கணினியை மூடினேன். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இது எனக்கு உறுதியாக நினைவிருக்கிறது... உறுதியாகவா? பின்னால் நானே சேர்த்துக்கொண்டதா?

சாயங்காலம் அவளே அழைத்தாள்.

"ரெஜி! இன்னைக்கு அண்ணே என்ன செஞ்சுச்சு தெரியுமா? நான் மொத வாய் எடுக்கப் போனேன். 'வேணாம்த்தா, நானே சாப்பிடுறேன்'னு தட்டப் புடுங்கிக்கிருச்சுடி! எம்புட்டு நாளாச்சு!" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

நானும் அழுதேன். உண்மையாகவே அழுதேன்! அரைமணி நேரம் பேசினோம். மின்னஞ்சலைப் பற்றிச் சொல்லவில்லை. பேச்சு நடுவே நினைவுக்கு வரவில்லையா? வந்ததா? அவள் மகிழ்ச்சியைக் கெடுக்க வேண்டாம் என்று தள்ளினேனா? அப்படி ஓர் அழகான காரணம் அன்றைக்கே எனக்குத் தோன்றியிருந்தால், அதற்கு முன்பே சொல்லக்கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன் என்றுதானே அர்த்தம்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு குறிப்பேடு உண்டு. அன்றன்று செய்ய வேண்டியதை எழுதுவேன். செய்து முடித்ததும் ஒரு கோடு போட்டு அடிப்பேன். முடிக்காமல் எதையும் அடித்ததில்லை. இரண்டாம் நாளின் பக்கத்தில் 'செ. சாதிச் சான்று' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அதன் மேல் கோடும் இருக்கிறது! சொல்லாமலேயே அடித்திருக்கிறேன். அந்தக் கோட்டை எப்போது போட்டேன், எந்த நினைப்பில் போட்டேன்... எவ்வளவு யோசித்தும் எனக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் போயிற்று.

நேர்காணலுக்குத் தேர்வானவர்கள் பட்டியல் வந்தபோது என் பெயர் இருந்தது. செல்வி பெயர் இல்லை. மறுநாளே பஸ் ஏறி வந்தாள். எங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து தன் அஞ்சல் பெட்டியைக் கீழே கீழே தள்ளிப் பார்த்தாள். ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"மெயில் வந்திருக்குடி. ஏற்கெனவே படிச்சதாக் காட்டுது."

நான் அவள் பின்னால் நின்றிருந்தேன். அவள் கழுத்தில் வியர்வை. வழியெல்லாம் நின்றுகொண்டே வந்திருப்பாள் போல.

"நாந்தான் போன்ல தொறந்துட்டு அப்படியே விட்டுட்டேன் போல... பூ எடுக்குற அவசரத்துல. எனக்கு ஞாபகமே இல்ல பாரு. அப்படித்தான் இருக்குமா ரெஜி?"

கேட்டாள். என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்! அந்த ஒரு நொடியில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். 'நான்தான் திறந்தேன், மறந்துவிட்டேன், மன்னித்துக்கொள்' என்றிருந்தால் அது வெறும் மறதியாகவே முடிந்திருக்கும். கல்லூரிக்கு ஒரு போன் போட்டுக் கெஞ்சியிருக்கலாம். மேடத்திடம் ஓடியிருக்கலாம்.

நான் சொன்னது இது: "இருக்கும்டி. நீ அப்படித்தானே."

மின்னஞ்சலைப் பற்றி எனக்குக் குழப்பம் உண்டு. இந்த வாக்கியத்தைப் பற்றி எந்தக் குழப்பமும் இல்லை. இதை நான் மறந்து சொல்லவில்லை. தெரிந்து சொன்னேன்.

செல்வி தலையாட்டினாள். அழவில்லை. என் அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனாள்.

மற்ற ஐந்து கல்லூரிகள் இருந்தன அல்லவா, அங்கே போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன். கோயம்புத்தூரிலிருந்து அவளுக்கு நேர்காணல் அழைப்பு வந்தது. விடுதிக்கு வேறு ஏற்பாடு பண்ணலாம் என்று அவள் அப்பாவும் சொல்லிவிட்டார். நான் அவளை அழைத்தேன். அட்டவணையைப் பார்த்துத் தேதி, நேரம், கொண்டுபோக வேண்டிய சான்றுகள் எல்லாம் வரிசையாகச் சொன்னேன்.

"நான் போகலடி" என்றாள்.

"ஏண்டி?"

"ஒரு மெயில ஒழுங்காப் பாக்கத் தெரியல. நாளைக்கு ஒரு நோயாளியோட காயிதத்தத் தொலைச்சேன்னா? மாத்திரைய மாத்திச் சொல்லிட்டேன்னா? எங்கண்ணே மாதிரி ஒருத்தர் உசிருடி அது. வேணாம். நான் அதுக்கு லாயக்கு இல்ல."

நான் மறுத்தேன். நிறைய மறுத்தேன். 'நான்தான் திறந்தேன்' என்ற ஒரு வாக்கியத்தைத் தவிர மற்ற எல்லாம் சொன்னேன்!

அவள் பி.எட். சேர்ந்தாள். நான் சென்னைக்குப் போனேன். முதல் ஆண்டு வகுப்பில், நினைவு எப்படித் தன்னைத் தானே திருத்தி எழுதிக்கொள்ளும் என்று ஒரு பாடம் நடந்தது. எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். நான் பேனாவை மூடிவிட்டு வெளியே போய்விட்டேன்.

ஆறு வருடம் ஆகிறது. இப்போது மதுரையில் ஒரு சிகிச்சை மையத்தில் வேலை பார்க்கிறேன். விண்ணப்பங்களை எப்படி ஒழுங்காக வைத்துக்கொள்வது என்று கல்லூரிகளில் பேசக் கூப்பிடுகிறார்கள். அட்டவணையைத் திரையில் காட்டுகிறேன். மாணவர்கள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

நான்கு மாதத்துக்கு முன் செல்வி அழைத்தாள். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை அவள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மேற்படிப்பு விண்ணப்பங்களைப் பற்றிப் பேச வரச் சொன்னாள். எப்படி மறுப்பது? போனேன்.

ஒரு பெரிய வகுப்பறை. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். செல்வி என்னை அறிமுகம் செய்தாள்.

"இவுக என் கூடப் படிச்சவுக. நீங்கள்லாம் இவுகள மாதிரி இருக்கணும். என்னைய மாதிரி இருந்துறாதீங்க. நான் என்ன பண்ணுனேன் தெரியுமா? காலேஜுல இருந்து வந்த மெயிலத் தொறந்து படிச்சுட்டு, அப்படியே மறந்துட்டுப் பூ எடுக்கப் போயிட்டேன்!"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பலமுறை சொல்லிச் சொல்லிப் பழகிய சிரிப்பு அது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கண்ணை உருட்ட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வருடாவருடம் ஒவ்வொரு வகுப்பிலும் இதைச் சொல்லியிருப்பாள் போலும்... கடவுளே!

நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. முடித்ததும் கை தட்டினார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரம். ஆசிரியர் அறையில் நாங்கள் இருவர் மட்டும். அவள் தன் டப்பாவைத் திறந்து எனக்குப் பாதி எடுத்து வைத்தாள்.

"செல்வி, அந்த மெயில நீ தொறக்கல. நான் தொறந்தேன்" என்றேன்.

அவள் கை நின்றது.

சொன்னேன். காலை ஏழரை மணி, சாயங்காலப் போன், குறிப்பேட்டுக் கோடு, மேசையருகே நின்று நான் சொன்ன அந்த வாக்கியம், எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் சொன்ன 'நீயும்' என்பதையும் சொன்னேன்.

கடைசியில் கேட்டாள்: "அன்னைக்கு மறந்தியா, மறைச்சியா?"

"தெரியல செல்வி. சத்தியமாத் தெரியல."

"ஒனக்கே தெரியலையா? நீதான அதுக்குப் படிச்சவ?"

அவள் டப்பாவை மூடினாள். நிதானமாகத்தான் பேசினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஆறு வருசமா வீட்டப் பூட்டிட்டுப் பாதி தூரம் போயி, திரும்பி வந்து இழுத்துப் பாக்குறேன். பரீட்சப் பேப்பர் திருத்துனா மூணு தடவ கூட்டுறேன். அண்ணனுக்கு மாத்திரை நான் எடுத்துக் குடுக்குறதே இல்ல, அம்மாதான் குடுக்கணும். என் கை மேல எனக்கு அம்புட்டுப் பயம். ஒவ்வொரு நாளும், ரெஜி. இதெல்லாம் என்னோட கொணம்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன்."

"என்னைய மன்னிச்சுரு..."

"எத மன்னிக்கணும்? மறதியவா, இன்னொண்ணவா? ரெண்டும் ஒண்ணில்லேல்ல?"

மணி அடித்தது. அவளுக்கு வகுப்பு. எழுந்து புடவை மடிப்பைச் சரி செய்தாள். சுண்ணக்கட்டி எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்றாள்.

"தெரிஞ்சதும் சொல்லு. அது வரைக்கும் போன் பண்ணாத. வாரேன்."

போய்விட்டாள். வராந்தாவின் கோடியிலிருந்து பிள்ளைகள் "வணக்கம் டீச்சர்" என்று இழுத்துச் சொன்னது கேட்டது.

நான் பஸ் ஏறி மதுரைக்கு வந்தேன். வழியெல்லாம் யோசித்தேன். அன்றிலிருந்து யோசித்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று என்னிடம் வருகிறவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். குறையவில்லை! முன்பு ஒரு தவறு மட்டும் என்னிடம் இருந்தது. இப்போது அவளுடைய ஆறு வருடமும் என்னிடம் இருக்கிறது. பூட்டிய கதவை அவள் இழுத்துப் பார்த்த அத்தனை நாளும்.

இரண்டு முறை அவளுக்குச் செய்தி எழுத உட்கார்ந்தேன். ஒரு முறை 'மறைத்தேன்' என்று எழுதினேன். பார்த்தேன். தண்டனையைச் சீக்கிரம் வாங்கிக்கொண்டு தப்பித்துவிடப் பார்க்கிறேனோ என்று தோன்றியது, அழித்தேன். இன்னொரு முறை 'மறந்தேன்' என்று எழுதினேன். என் விரலே கூசியது, அழித்தேன்.

உங்களுக்குத் தெரியலாம். இவ்வளவையும் கேட்டவர்கள் நீங்கள். ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள். அவள் உங்களைக் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டாள்.

எனக்கு இன்னும் தெரியவில்லை.